காலண்டரில் சிரித்தவள்

அந்தச் சுருட்டி வெச்சிருக்கறது காலண்டருங்களா, தம்பி? என்ன படம் போட்டிருக்குதுங்க? முருகரா? அப்பச் சரி. சாமி படமுன்னா தொந்தரவே இல்லீங்க. யாரும் போயி இது யாரு, எதுக்குச் சிரிக்குதுன்னு கேக்கப் போறதில்லை.

இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். தாராபுரந்தான போறீங்க? நானும் அந்தப் பக்கந்தான், நடுவால எறங்கிக்குவேன். வெயிலடிச்சா சன்னலைச் சாத்திக்குங்க, எனக்கு ஒண்ணுமில்லை.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பூலக்காட்டுச் சந்தைல மாட்டுத் தரகு. திங்கக்கிழமை சந்தை. நாச்சிமுத்துன்னா அங்க தெரியாத ஆளே இல்லை. மத்தவனெல்லாம் பல்லைப் புடிச்சுப் பாப்பான், காம்பைப் புடிச்சுப் பாப்பான். நான் மாடு நடந்து வர்றதைப் பாத்தே சொல்லிப்போடுவேன், இது உதைக்கும், இது முட்டும், இது தனியாக் கட்டுனா தீனி எடுக்காதுன்னு. மாட்டைப் பாத்தா மாட்டு மனசு தெரியுமுங்க எனக்கு. இதை நானாச் சொல்லலை, ஊரே சொல்லும்.

அந்தச் சந்தைக்கு ஒருக்கா ஒருத்தரு வந்தாருங்க. ஈரோட்டுக்காரரு. பேரு எபநேசருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு அட்டை, மைப் பேனா. அவ்வளவுதான் சாமானம். வேலியோரமா உக்காந்துட்டுக் கோடு கோடா இழுத்துட்டு இருந்தாரு. தீவனக் கம்பெனிக்காரங்க அனுப்பிச்ச ஆளு. வருசா வருசம் காலண்டர்ல சாமியோ கொழந்தையோ போடறவங்க, அந்த வருசம் நம்ம சந்தையவே போடலாம்னு பாத்திருக்காங்க. நல்ல யோசனைதானுங்க. அதுல குத்தஞ் சொல்ல முடியாது. நாங்களும் கொஞ்ச நேரம் அவரு முதுகுக்குப் பின்னால நின்னு வேடிக்கை பாத்தோம். அப்பறம் அவனவன் யாவாரத்தைப் பாக்கப் போயிட்டோம்.

அன்னிக்கு எனக்குச் சொந்த யாவாரமே ஒண்ணு இருந்துதுங்க. எங்கூட்டுச் செவலை.

அதைச் சொல்லோணும். இல்லாட்டி உங்களுக்குப் புரியாது.

செவலை எங்க கட்டுத்தறிலயே பொறந்ததுங்க. கன்னுப் போட்டதும் தாய்மாடு போயிருச்சு. பாவாத்தாதான் புட்டிப்பால் குடுத்து வளத்துனா. பாவாத்தான்னா என்ற ஊட்டுக்காரி. அவ வாயைக்கூடத் தொறக்க வேண்டாம், வளையல் சத்தம் கேட்டாப் போதும், அது காதைத் தூக்கும். நான் கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்காது. வளந்துச்சு, பாக்கறதுக்கு அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனாச் சினை நிக்கலை. ஊசி போட்டுப் பாத்தோம், காளைக்கு வுட்டுப் பாத்தோம். மாட்டு டாக்டரு கையை வுட்டுப் பாத்துட்டு, இது நிக்காதுங்கன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் அதைக் கட்டி வெச்சுத் தீனி போடறதுக்கு நான் என்ன பைத்தியக்காரனுங்களா? அதும் நானே தரகன். நாலு பேரு என்ன நெனப்பான்?

வித்துப்போடலாம்னு பாவாத்தாகிட்டச் சொன்னேன். ஒண்ணும் சொல்லலை. சோத்தைப் போட்டுட்டே இருந்தா. "வயித்துல ஒண்ணும் தங்காதது ஊட்டுக்கு எதுக்கு? தண்டத் தீனி"ன்னேன். ரசத்தை ஊத்திப்போட்டு அக்கட்டால போயிட்டா. சரி, ஒத்துக்கிட்டாள்னு நெனச்சேன்.

எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அது வேற கதை. அதை எதுக்கு இப்ப?

செவலை என்ற கைக்கு அடங்காது. அதனால சந்தைக்கு அவளையும் கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. சந்தைல பொம்பளைங்க இல்லாம இல்லை. கூழு விக்கறவ இருக்கறா, கயிறு விக்கறவ இருக்கறா. ஆனா எங்க ஊட்டுப் பொம்பளைங்க வர மாட்டாங்க, வழக்கமில்லை. அன்னிக்கு மாட்டுக்காக வந்தா. கயிறைக்கூட இழுக்கலை, அவ முன்னால நடந்தா, அது பின்னாலயே வந்துச்சு.

பொள்ளாச்சிப் பக்கத்து யாவாரி ஒருத்தரு புடிச்சாரு. கை மேல துண்டைப் போட்டுட்டு, துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசுவமுங்க, பாத்திருப்பீங்க. பக்கத்துல நிக்கறவனுக்குக்கூட என்ன வெலைன்னு தெரியாது. நான் அதுல இருந்தேன். வெலை முடிஞ்சதும் அங்கயே அடுத்த யாவாரத்துக்கு இன்னொரு கை வந்துது, அதைப் பாத்தேன். பாவாத்தா மாட்டை ஏத்திவுட டெம்போகிட்டப் போயிட்டா. டெம்போ பழனானுது.

பழனான் எங்கூரு காலனிப் பையன். பையன்னாக் கண்ணாலமாகிப் புள்ளைங்க இருக்குது, நாங்க அப்பிடித்தான் சொல்றது. அவங்கப்பன் எங்க காட்டுல பண்ணையத்துல இருந்தவன். இவன் எப்பிடியோ சொந்தமா டெம்போ வாங்கிச் சந்தை லோடு அடிச்சுட்டு இருந்தான். மாட்டை அடிக்க மாட்டான், வண்டியைக் குலுங்காம ஓட்டுவான். அதுல கொறை சொல்ல முடியாது. எல்லாரும் அவனைத்தான் கூப்புடுவோம்.

மாடு போச்சு. நாங்க பஸ் ஏறி வந்துட்டோம். பஸ்ஸுல என்ற பக்கத்துலதான் உக்காந்திருந்தா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க. பரவால்லையே, இவளுக்கும் புத்தி வந்துருச்சேன்னு சந்தோசப்பட்டேன்.

மார்கழி கடைசில காலண்டரு வந்துச்சு.

தம்பி, படம்னாப் படமுங்க அது. நானும் ஒத்துக்கறேன். வேற கலரே இல்லை, கருப்பு மைதான். ஆனாப் பாத்தீங்கன்னாத் தூசி பறக்கறது தெரியும், சாணி வாசம் அடிக்கும். கொம்புக்கு மேல கொம்பா மாடுங்க. காளையைக் கவுத்துப் போட்டு லாடம் அடிக்கறவரு. கூழுப்பானையைக் கட்டிப் புடிச்சுட்டு மாரக்கா. புளியமரத்து நிழல்ல கட்டில் போட்டுப் பெரிய பண்ணையக்காரங்க உக்காந்திருக்காங்க. வெயில்ல அவங்க மாட்டைப் புடிச்சுட்டு ஆளுங்க நிக்கறாங்க. டீக்கடைல பெஞ்சு மேல உக்காந்து குடிக்கறவன் கையில கண்ணாடி கிளாசு. சைக்கிளோரமாக் குந்திட்டுக் குடிக்கறவன் கையில பேப்பர் கப்பு. அதைக்கூட வுடலைங்க மனுசன்! இத்தனை வருசமா அந்தக் கடைல டீக் குடிக்கறேன், நான் அதைக் கவனிச்சதே இல்லை. கவனிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க அதுல? அவங்கவங்க பழக்கம்.

காலண்டரு வந்த அன்னிக்குச் சந்தைல யாவாரமே நடக்கலை. எல்லாரும் படத்துல அவங்கவங்களைத் தேடறாங்க. இது நானு, அது என்ற காளைன்னு ஒரே சத்தம். நானும் தேடுனேன். துண்டுக்குள்ள கையை வுட்டுட்டு ரெண்டு பேரு நிக்கறாங்கல்ல, அதுல முதுகைக் காட்டிட்டு நிக்கறது நானு. தலைப்பாக்கட்டை வெச்சுக் கண்டுபுடிச்சேன். இவ்வளவு பெரிய தரகனுக்கு வெறும் முதுகுதானான்னு கொஞ்சம் சங்கடந்தான். சரி, போகட்டும்னு வுட்டேன்.

அப்பத்தான் ஆறுமுகண்ணன், பாவாத்தா வழில தூரத்துச் சொந்தம், அவளைத் தங்கச்சின்னுதான் சொல்லுவாரு, டீக்கடைல இருந்து கூப்புட்டாரு. "மாப்ளே, உன்னையத் தேடுனது போதும், இங்க வா. தங்கச்சியப் பாத்தியா?"

பாத்தேன்.

டெம்போவோட பின்பக்கம். செவலை ஏறி நிக்குது. பக்கத்துல பாவாத்தா. அவ பக்கத்துல, பக்கத்துலன்னா ஒட்டுன மாதிரி, பழனான். அவன் தலையைச் சாச்சுட்டு என்னமோ சொல்றான். இவ சிரிக்கறா. பல்லுத் தெரியச் சிரிக்கறா.

ஒருத்தரும் தப்பாப் பேசலைங்க, அதையும் சொல்லோணும். "நல்லா வந்திருக்குது"ன்னான் ஒருத்தன். "சிரிச்ச மொகம்"னான் இன்னொருத்தன். அவ்வளவுதான். ஆனா டீக்கடைல சொல்றபோது அது வேற மாதிரி கேக்குமுங்க. அந்தக் காலண்டரு டீக்கடைல தொங்குது, அரிசி மில்லுல தொங்குது, சலூன்ல தொங்குது. முடி வெட்ட உக்காந்தா எதிர்க்க அவ சிரிச்சுட்டு இருக்கறா. எங்க போறது நானு?

எனக்கு என்னன்னா, அந்தச் சிரிப்புங்க. அதை நான் பாத்ததே இல்லை. கண்ணாலமான நாள்லருந்து எங்கூட்டுல அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாக்கலை. சிரிப்பா, சிரிக்காம என்ன, விருந்தாடி வந்தாச் சிரிப்பா. அது உதட்டளவுல. இது அப்பிடியில்லை. மாட்டை வித்த அன்னிக்கு, நடுச்சந்தைல, அதும் அவங்கூட நின்னுட்டு, அவளுக்கு என்னங்க அப்பிடியொரு சிரிப்பு?

ஊட்டுக்குப் போயி, சாப்பாட்டுக்கு உக்காந்தபோது, காலண்டரை அவ முன்னால வெச்சேன். "இது யாரு?"

குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மொதல்ல செவலையைத்தான் தடவுனா, வெரலால. அப்பறந்தான் தன்னையே பாத்தா.

"நானுங்க."

"எதுக்குச் சிரிச்ச?"

அவ வெரலு படத்து மேலயே இருந்துச்சு.

"கேக்கறது காதுல வுழுகுதா? அவன் என்ன சொன்னான்? என்னத்தைக் கண்டு அப்பிடிச் சிரிச்ச?"

அவ படத்தை வுட்டுக் கண்ணை எடுக்கலை. "ஏனுங்க, நான் சிரிச்சா இப்பிடியா இருப்பேன்?"

பாருங்க நெஞ்சழுத்தத்தை! நான் கேட்டா, அவ என்னைத் திருப்பிக் கேக்கறா. நான் என்னன்னு சொல்றது? எனக்கு எப்பிடித் தெரியும்?

"சிரிச்சியா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு."

"சிரிச்சேன்னே வெச்சுக்குங்க"ன்னா.

அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலைங்க.

நான் அடிக்கலை. சத்தியமாச் சொல்றேன், கையை நீட்டற ஆளில்லை நானு. பேசறதை நிறுத்திப்போட்டேன், அவ்வளவுதான். அவ சோறு போடுவா, நான் திம்பேன். முன்னாலயும் அப்பிடித்தான இருந்திருப்பீங்கன்னு நெனைக்காதீங்க, இது வேற. முன்னால பேசறதுக்கு ஒண்ணுமில்லாமப் பேசாம இருந்தோம். இது வேணும்னே பேசாம இருந்தது.

பழனானையும் நான் ஒண்ணும் பண்ணலைங்க. ஒரு கெட்ட வார்த்தை பேசலை. யாவாரிங்ககிட்ட, இனிமே லோடுக்கு வேற வண்டி பாத்துக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே வார்த்தை. தரகன் சொன்னாக் கேப்பாங்கல்ல? கொஞ்ச நாளு வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டு, வெறும் வண்டியாத் திருப்பிட்டுப் போனான். அப்பறம் ஒருக்கா என்கிட்ட வந்தான். தள்ளி நின்னுட்டு, "கவுண்டருங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு சொன்னாத் திருத்திக்குவனுங்க"ன்னான். "உனக்கே தெரியும்"னேன். "தெரியாதுங்க"ன்னான். நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். டெம்போவை வித்துப்போட்டுக் குடும்பத்தோட கோயமுத்தூரு போயிட்டானாம். பொழைச்சுக்குவான். கையில தொழில் இருக்குதுல்ல.

பாவாத்தாளும் ஒரு சந்தை நாளு பாத்துப் போயிட்டா.

நான் வந்து பாத்தா ஊடு பூட்டியிருக்குது. சாவி வழக்கமா வெக்கற எடத்துலயே இருந்துச்சு. உள்ளே எல்லாம் அப்பிடியே இருக்குது. கொழம்பு வெச்சு மூடி வெச்சிருக்கறா. நகை பொட்டில இருக்குது. அவ துணிமணி மட்டும் இல்லை. அப்பறம் காலண்டரு மாட்டியிருந்த செவுத்தைப் பாத்தேன். காலண்டரு அட்டையைக் காணோம். தேதிக் கட்டை மட்டும் பிரிச்சு ஆணில மாட்டியிருக்கறா. எனக்குத் தேதி பாக்கோணும்ல, சந்தைக்கு, விசேசத்துக்கு. அது அவளுக்குத் தெரியும். படத்தை எடுத்துட்டுப் போயிட்டா.

தப்பில்லாதவ எதுக்குங்க அதை எடுத்துட்டுப் போகோணும்? நீங்களே சொல்லுங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

காங்கயத்துக்குப் பக்கத்துல அவங்கண்ணன் ஊரு. அங்க போயிருக்கறாள்னு தெரிஞ்சுது. நான் போகலை. எதுக்குப் போகோணும்? போனவ வரட்டும்னு இருந்துட்டேன். மச்சான் ஒருக்கா வந்தாரு, பேசிப் பாத்தாரு. "அவளா வந்து சொன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்"னு அனுப்பி வெச்சேன். வரலை.

சமைக்கப் பழகிட்டேனுங்க. ரசம் மட்டும் வர மாட்டீங்குது. கட்டுத்தறில இருந்த மத்த மாட்டையும் வித்துப்போட்டேன், பாக்க ஆளில்லை. சந்தைல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. அண்ணா, அண்ணான்னு துண்டைப் புடிச்சு இழுப்பாங்க, ஆளுக்கொரு பக்கம். சந்தை கலைஞ்சு ஊட்டுக்கு வந்தா வாசல் கூட்டாமக் கெடக்கும், காத்தால நான் வெச்சுட்டுப் போன டம்ளரு வெச்ச எடத்துலயே இருக்கும். அதைப் பாத்தா ஒரு மாதிரி ஆகுமுங்க. வெச்ச எடத்துலயே இருந்தா என்ன, நல்லதுதானே? ஆனா ஒரு மாதிரி ஆகும். சில சமயம் டிவியைப் போட்டுவுட்டுட்டு வேற ரூம்புல போயி உக்காந்துக்குவேன். யாரோ அங்க பேசிட்டு இருக்கறாப்பல இருக்கும்.

அடுத்த வருசத்துக் காலண்டரு வந்துச்சு. சாமி படந்தான் போட்டிருந்தாங்க. தீவனக் கடைக்காரருகிட்ட, போன வருசம் படம் போட்டவரு எங்க இருக்காருன்னு கேட்டேன். ஈரோட்டுல இன்ன எடம்னு சொன்னாரு. கெளம்பிட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியோணும். அவன் என்ன சொன்னதுக்கு அவ அப்பிடிச் சிரிச்சாள்னு. நேர்ல பாத்தவரு அவருதானே?

மாடிமேல ஊடுங்க. பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியாரா இருந்தவராம். என்னை உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு. மொதல்ல யாருன்னு அவருக்குத் தெரியலை. சந்தைப் படம்னதும் மொகம் மலந்துருச்சு. "அந்த டெம்போகிட்ட ஒரு பொம்பளை சிரிச்சுட்டு நிக்கறாங்களே, எதுக்குச் சிரிச்சாங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"ன்னேன்.

"அவங்க சிரிக்கலையே"ன்னாரு.

எந்திரிச்சுப் போயி ஒரு கட்டைத் தேடி ஒரு தாளை எடுத்துட்டு வந்தாரு. "இது நான் சந்தைல உக்காந்து போட்டதுங்க. காலண்டருக்குக் குடுத்தது ஊட்டுக்கு வந்து பெருசாப் போட்டது. பாருங்க."

பாத்தேன். அதே சந்தை, அதே டெம்போ, அதே செவலை. பாவாத்தா டெம்போ பலகையைப் புடிச்சுட்டு நிக்கறா. முந்தானையை வாயில வெச்சு அமுக்கிட்டு அழுகறா.

"ரொம்ப நேரம் அழுதாங்க. சத்தமே வராம. கம்பெனிக்காரங்க பாத்துட்டு, நல்லா இருக்குது சார், ஆனா வருசம் பூரா ஊட்டுல தொங்கறது, அழுகை வேண்டாமேன்னாங்க. அவங்க சொல்றதும் நாயந்தானே? முந்தானையை எடுத்துட்டு வாயில ரெண்டு கோடு மாத்துனேன். அழுகைக்கும் சிரிப்புக்கும் அவ்வளவுதாங்க வித்தியாசம், படத்துல."

"அந்த டிரைவரு?"

அவன் எங்கியோ அக்கட்டால நிக்கறான். கையைக் கட்டிட்டு, தலையைக் குனிஞ்சுட்டு. நடுவுல ஒரு வண்டியே போகலாம், அத்தனை தூரம்.

"நடுவுல அவ்வளவு எடம் காலியா இருந்தாப் படம் ஓட்டை வுழுந்தாப்பல இருக்குமுங்க. அதான் கொஞ்சம் கிட்டத்துல நகத்திட்டேன்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நகத்திட்டீங்களா? நீங்க பாட்டுக்கு நகத்திப்போட்டீங்க! எங்கூருல ஒரு மனுசனை அங்கருந்து இங்க நகத்தறதுன்னா என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

மனுசன் பயந்துட்டாரு. "உங்களுக்குச் சொந்தக்காரங்களா அவங்க?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"தெரிஞ்சவங்க"ன்னேன்.

ஏன் அப்பிடிச் சொன்னேன்னு தெரியலைங்க. வாயில வந்துருச்சு.

அவரு அந்தத் தாளையே பாத்துட்டு இருந்தாரு. "ஒரு ஆளுகூட அவங்களைத் திரும்பிப் பாக்கலைங்க. இவ்வளவு கூட்டத்துல அந்த டிரைவரு மட்டுந்தான் நின்னாரு. இதோ, கூப்புடு தூரத்துல இவரு நிக்கறாரு பாருங்க, துண்டுக்குள்ள கையை வுட்டுட்டு. இவரு திரும்புனா மொகத்தைப் போட்டுக்கலாம்னு ரொம்ப நேரம் காத்துட்டு இருந்தேன். நல்ல தலைப்பாக்கட்டு, மொகமும் நல்லா இருக்கும்னு நெனச்சேன். திரும்பவே இல்லை."

"யாவார நேரமுங்க அது, எப்பிடித் திரும்ப முடியும்?"னேன்.

அவரு என்னை ஏற எறங்கப் பாத்தாரு. அந்தத் தாளைச் சுருட்டி என்ற கையில குடுத்துட்டாரு. தப்புப் பண்ணுனவரு அவரு, குடுக்கத்தான் வேணும். நடந்தது பூராத்துக்கும் அவரு போட்ட ரெண்டு கோடுதானே காரணம்? என்னைச் சொல்லி என்ன இருக்குது? படத்துல இருந்ததைத்தான் நான் கேட்டேன்.

அதுல எனக்கு மனசு லேசாயிருச்சுங்க, தம்பி. அவ சிரிக்கலை. அவ தப்புப் பண்ணலை. போயி, உன்ற மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு, மன்னிச்சுட்டேன், வா போலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தர்றதுன்னு முடிவு பண்ணுனேன். இன்னிக்குக் காத்தால வெள்ளை வேட்டியெல்லாம் கட்டிட்டுத்தான் கெளம்புனேன். அங்கருந்துதான் இப்ப வர்றேன்.

அண்ணனூட்டுல அவ இல்லை. தேங்காக்களத்துல வேலைக்குப் போறாளாம். காங்கயத்துப் பக்கம் பாத்திருப்பீங்களே, தேங்காயை ஒடச்சுக் காயப் போட்டு, பருப்பை நோண்டி எடுப்பாங்க. எங்க ஊட்டுல இருந்தவரைக்கும் அவ வெளி வேலைக்குப் போனதில்லை. மச்சான் சம்சாரம் வழி சொல்லிச்சு, போனேன்.

கேட்டுகிட்டப் போனா உள்ளே பொம்பளைங்க சிரிக்கற சத்தம். அதுல ஒரு சிரிப்பு தனியாக் கேக்குதுங்க. நிறுத்தவே மாட்டீங்குது. மூச்சு வாங்கிட்டு மறுக்காவும் சிரிக்குது. என்ன பொம்பளைடா இது, இப்பிடிச் சிரிக்குதுன்னு இருந்துச்சு. ஆனாக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வாட்சுமேன் ஒருத்தரு குந்திட்டு இருந்தாரு. "யாருங்க அது?"ன்னு கேட்டேன்.

"நம்ம பாவாக்காதானுங்கண்ணா. எதாச்சும் சொல்லி எல்லாத்தையும் சிரிக்க வெச்சுட்டுத் தானும் சிரிக்கும். அது லீவு போட்டாக் களமே செத்துப்போன மாதிரி இருக்குமுங்க. நீங்க யாருங்க, எந்தூருங்க?"

"அவங்களைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க"ன்னேன்.

வந்தா. நோண்டற கத்தி கையிலயே இருக்குது. தலைல துண்டு கட்டியிருந்தா. இளைச்சிருக்கறா, கருத்திருக்கறா. வந்தபோது மொகத்துல அந்தச் சிரிப்பு கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சுங்க. என்னைப் பாத்ததும் போயிருச்சு.

"வாங்க"ன்னா.

நான் தாளை விரிச்சுக் காட்டுனேன். "பாரு. நீ அழுதுட்டுத்தான் இருந்திருக்கற. அந்த வாத்தியாரு மாத்திப்போட்டாரு. உன்ற மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கெளம்பு."

வாங்கிப் பாத்தா. கையில எண்ணெய்ப் பிசுக்கு, ஓரமாப் புடிச்சுட்டுப் பாத்தா.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குது"ன்னா.

"யாருக்கு?"

"படம் போட்டவருக்கு. நான் அழுதது." அப்பறம் வெரலை வெச்சு என்ற முதுகைக் காட்டுனா. "நீங்க இங்கயேதான நின்னுட்டு இருந்தீங்க?"

"வெலை பேசிட்டு இருந்தேன்ல?"ன்னேன். "அது கெடக்கட்டும். அந்தப் பழனான் அன்னிக்கு என்னதான் சொன்னான்?"

"‘தண்ணி வேணுங்களா, அம்மிணி?’ன்னு கேட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. அதைக் கேக்கறதுக்கு அங்க வேற யாரும் இல்லை."

"அப்ப அந்தக் காலண்டரை எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"செவலை அதுலதானுங்க இருக்குது"ன்னா.

உள்ளே ரெண்டு மூணு பொம்பளைங்க எட்டிப் பாத்துட்டு இருந்தாங்க. "வர்றியா?"ன்னேன். மறுக்கா ஒருக்காவும் கேட்டேன். அவ தாளைச் சுருட்டி, பதனமா, கசங்காம, என்ற கையில குடுத்துட்டா.

"சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா.

"ஆச்சு"ன்னேன். சாப்புடலைங்க. கூட்டிட்டு வந்து வழியில ஓட்டல்ல ரெண்டு பேருமாச் சாப்புட்டுக்கலாம்னு நெனச்சிருந்தேன்.

"வெயிலாகுது, பாத்துப் போங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

களத்துக்கு எதிர்க்கத்தான் பஸ் நிக்கற எடம். வேப்பமரம் ஒண்ணு இருக்குது. அங்க நின்னேன். ஒரு பஸ் வந்துச்சு, கூட்டமா இருக்குதுன்னு வுட்டுட்டேன். அவ்வளவு கூட்டமில்லைங்க, சும்மா வுட்டுட்டேன். அந்தச் சிரிப்பு மறுக்கா வருமான்னு காதை வெச்சுட்டு நின்னேன், தம்பி. ரொம்ப நேரம் நின்னேன். தேங்கா நோண்டற சத்தம் மட்டும் வந்துட்டே இருந்துச்சு, சரக்கு சரக்குன்னு. பேச்சுச் சத்தங்கூட இல்லை. கேட்டுக்குள்ளருந்து ஒருத்தி வந்து நான் இன்னும் நிக்கறனான்னு எட்டிப் பாத்துட்டுப் போனா.

உச்சி வெயிலுங்க. அந்நேரத்துக்குச் சிரிக்கறதுக்கு யாருக்குத் தெம்பு இருக்கும்?